மீன் குழம்பு, வறுவல், பொரியல்: இரவுச் சமையலில் கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது

அரைக் கிலோ மீன் வாங்கி, பாதியைக் குழம்பில் போட்டு, பாதியைக் கல்லில் வறுத்து, கூடவே ஒரு காய்ப் பொரியலும் சோறும் வைத்தால் நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். இந்தச் சமையலில் வரும் கோளாறுகளும் எளியவைதான். ஆனால் வந்ததே திரும்பத் திரும்ப வரும். தனிக்குடித்தனம் போன எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடுப்பை எரியவிட்டுக்கொண்டே தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளையே என்பதால், அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், மீனையோ பாத்திரத்தையோ மாற்ற வேண்டிய காரணம் கடைசியிலும் வருகிறது. பார்ப்பவர்களும் அந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. ஏனென்றால் மீன் சரியாக வராத வீட்டில் முதலில் மாற்றப்படுவது மசாலாப் பொட்டலம், அடுத்தது தோசைக்கல். கோளாறோ பெரும்பாலும் மீனில் நின்ற ஈரத்திலும் அடுப்பின் தீயிலும் இருக்கும்.

நேரக் கணக்குகள் சுமார் 2 செ.மீ. கனமாக வெட்டிய வஞ்சிரம், பாறை, கொடுவா போன்ற துண்டுகளுக்கு உரியவை. நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களுக்கு அதில் பாதி நேரம் போதும்.

மீன் கல்லில் ஒட்டிக்கொள்கிறது, திருப்பினால் தோல் பிய்கிறது

முதலில் ஈரத்தைப் பாருங்கள். கழுவிய மீனை வடிகூடையில் பத்து நிமிடம் சாய்த்து வைத்து, பிறகு சுத்தமான துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்த பின்புதான் மசாலா தடவ வேண்டும். மசாலா தடவிய துண்டைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பிடித்தால் கீழ் முனையில் சொட்டு திரளக் கூடாது. திரண்டால் அந்த நீர் கல்லில் பட்டு, எண்ணெயின் சூட்டைத் தணித்து, மீனை வறுபட விடாமல் அவிந்துபோகச் செய்யும். அவிந்த தோல் கல்லோடு போய்விடும். உறைந்த மீனாக இருந்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். வெளியே இளகி, நடுமுள்ளைச் சுற்றி இன்னும் பனிக்கட்டி இருக்கும் துண்டு, வறுபடும் நேரம் முழுவதும் உள்ளிருந்து நீர் விட்டுக்கொண்டே இருக்கும். முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதுதான் இதற்கு வழி.

அடுத்து, கல்லின் சூடு. எண்ணெய் ஊற்றியதும் மீனைப் போடுகிறவர்கள் பலர். ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பாருங்கள். உடனே சடசடவென்று பொரிந்தால் மீன் போடலாம், சோம்பிக் கிடந்தால் இன்னும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதேபோல எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டால் தீயைக் குறைத்து, சற்றுத் தணிந்த பிறகு போட வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஒட்டினால், திருப்பும் அவசரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மிதமான தீயில் முதல் பக்கத்திற்கு மூன்று முதல் நான்கு நிமிடம் தேவை. நேரத்தைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. துண்டின் ஓரத்தில் மசாலாவின் நிறம் சிவப்பிலிருந்து செம்பழுப்புக்கு மாறி, ஓரச் சதை வெள்ளையாகி, தோசைத் திருப்பியின் நுனியால் இலேசாக நெம்பும்போது துண்டு தானாக வழுக்கிக் கொடுக்கும். கொடுக்காத மீனைக் கட்டாயப்படுத்தக் கூடாது; இன்னும் அரை நிமிடம் விட்டால் அதுவே விட்டுவிடும். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும்.

கல்லைக் குறை சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான். அதே கல்லில் ஒரு தோசை வார்த்துப் பாருங்கள். தோசை சுத்தமாக எழுந்து வந்தால் கல்லில் குற்றமில்லை. ஈரத்திற்கே திரும்பிப் போக வேண்டும். தோசையும் ஒட்டினால் இரும்புக் கல்லைப் பழக்க வேண்டும். அதாவது, நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துப் புகைய விட்டு ஆறவைப்பதை மூன்று நான்கு முறை செய்து, பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து வைக்க வேண்டும். நான்ஸ்டிக் தவாவில் பூச்சு உரிந்து அடிஉலோகம் தெரிகிறதென்றால் அதைப் பழக்கிச் சரிசெய்ய இயலாது. புதிது வாங்குவது ஒன்றே வழி. மீனுக்கென்று ஒரு இரும்புக் கல்லைத் தனியே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. விலை குறைவு, ஆயுள் அதிகம், காலையில் தோசையில் மீன் வாடையும் வராது.

ஒட்டவில்லை, ஆனால் மசாலா மட்டும் எண்ணெயில் கழன்றுவிடுகிறது

இதிலும் ஈரமே முதல் காரணம். இரண்டாவது காரணம் மசாலாவைத் தண்ணீராகக் குழைத்தது. இட்லி மாவைவிட இறுக்கமாக, விரலால் வழித்தால் கோடு அப்படியே நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் பிடிப்பு வரும். தடவிய மீனை இருபது நிமிடமாவது ஊறவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்திருந்தால் மட்டும் அரை மணி நேரத்திற்கு மேல் ஊறவிடக் கூடாது. அதன் புளிப்பு மேல்சதையை வெளுக்கச் செய்து மாவு போலாக்கிவிடும்.

மசாலா கழன்று, எண்ணெயின் அடியில் கருந்தூளாகச் சேர்ந்திருக்கிறதென்றால் அடுத்த தொகுப்பை அதே எண்ணெயில் போட வேண்டாம். வடிகட்டி, கல்லைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். இல்லையென்றால் கருகல் கசப்பு எல்லாத் துண்டிலும் ஏறும்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

தீ அதிகம் என்பது வெளிப்படை. ஆனால் தீயைக் குறைத்தும் இதே நிலை வந்தால் துண்டின் கனத்தை அளந்து பாருங்கள். மீன் வெட்டித் தருபவரிடம் சொல்லாமல் விட்டால், வஞ்சிரத்தின் நடுத்துண்டு மூன்று விரல் கனத்திலும் வால்துண்டு ஒரு விரல் கனத்திலும் வந்து சேரும். கனமானவற்றைக் குழம்புக்கும் மெல்லியவற்றை வறுவலுக்கும் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முழு மீனாக வறுக்கும் சங்கரா, அயிலை ஆகியவற்றின் இரு பக்கமும் நடுமுள்வரை சாய்வாக மூன்று கீறல் போட வேண்டும்.

வெந்ததா என்பதை நடுமுள் அருகே பார்க்க வேண்டும். கத்தி நுனியால் சதையைச் சற்று விலக்கினால், கண்ணாடி போன்ற மினுமினுப்பு நீங்கி வெண்மையாக இருந்து, முள்ளைவிட்டு எளிதாகப் பிரிய வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது: சதையின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ். ஏற்கெனவே மேல்புறம் கருகிவிட்ட துண்டைக் காப்பாற்ற, தீயை முழுவதும் குறைத்து, ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து, இரண்டு நிமிடம் மூடி வைக்கலாம். மொறுமொறுப்பு போய்விடும், மீன் தப்பும்.

குழம்பில் மீன் உடைந்து, முள்ளும் சதையுமாகக் கலங்கிவிட்டது

மீன் விழுந்த பிறகு கரண்டி உள்ளே போயிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சட்டியை இரு பக்கமும் துணியால் பிடித்து, அடுப்பைவிட்டு எடுக்காமலே அரைவட்டமாக இடமும் வலமும் சுழற்றினால் குழம்பு துண்டுகளின் மேல் ஏறி இறங்கும். கலக்குவதற்கு அது போதும். வாய் அகன்ற சட்டியில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசையாக வைக்க முடிந்தால் சுழற்றவும் வேண்டியதில்லை.

கரண்டி போடாமலே உடைகிறதென்றால், மீன் எப்போது விழுந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புளிக்கரைசலின் பச்சை வாடை போய், குழம்பு ஓரளவு சுண்டி, மேலே எண்ணெய் மினுங்கத் தொடங்கிய பின்புதான் மீன் போட வேண்டும். அதற்குப் பிறகு சிறு தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம். அடுப்பை அணைத்த பின்பும் மண்சட்டி வெகுநேரம் சூடு தாங்குவதால், மண்சட்டிக்காரர்கள் ஒரு நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடலாம். மீனைப் போட்டுவிட்டுக் குழம்பு சுண்டுவதற்காகக் காத்திருப்பவர்களுக்குக் குழம்பு சுண்டும்போது மீன் இருக்காது.

மீனின் வகையும் ஒரு காரணம். கிழங்கான், நெத்திலி போன்றவற்றின் சதை மென்மையானது. அவற்றை மூன்று நான்கு நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் வஞ்சிரம், பாறை, விரால் வாங்குவது நல்லது. வாங்கிய மீனே இளகியிருந்தது, உறைந்து இளகி மறுபடி உறைந்தது என்றால் எந்தக் கவனமும் அதைக் கட்டிக் காக்காது. அப்படிப்பட்ட மீன் கெடாமல் இருக்கும்பட்சத்தில், வேகவைத்து முள் நீக்கிப் புட்டாக உதிர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கவிச்சி வாடை போகவில்லை

இந்த அறிகுறிக்குக் கீழேதான் கிளைகள் அதிகம். அவற்றில் சில சமையல் கோளாறு, சில உடல்நலக் கோளாறு என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது.

*கழுவியும் வாடை வருகிறது.* கடையில் சுத்தம் செய்து வாங்கிய மீனையும் வீட்டில் மறுபடி பார்க்க வேண்டும். வயிற்றுப் பகுதியைத் திறந்து, நடுமுள்ளை ஒட்டி நீளமாகக் கிடக்கும் கருஞ்சிவப்பு இரத்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறி எடுங்கள். வயிற்றின் உட்புறத்தில் சில மீன்களுக்கு மெல்லிய கறுப்புத் தோல் படிந்திருக்கும். அதையும் உரித்துவிட வேண்டும். தலையைக் குழம்பில் போடுகிறவர்கள் செவுளை முழுவதும் பிய்த்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு உரசி, ஓடும் நீரில் அலசும் நீர் தெளிவாகும்வரை கழுவினால் நல்ல மீனின் வாடை இங்கேயே போய்விடும். நீரிலேயே வெகுநேரம் ஊறப்போட வேண்டாம். வாடை போகாது, ருசிதான் போகும்.

*கழுவிய மீனில் வாடை இல்லை, குழம்பில் வருகிறது.* புளி போதவில்லை அல்லது கொதிக்கவில்லை. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி வேண்டும். பூண்டும் வெந்தயமும் குறைந்திருந்தாலும் இந்த வாடை மேலெழும்.

*கவிச்சி இல்லை, மண் வாடை அடிக்கிறது.* கெண்டை, ரோகு, கட்லா, விரால் போன்ற குளத்து மீன்களின் இயல்பு இது. மீன் கெட்டதற்கு அடையாளமல்ல. கல்லுப்பும் புளிக்கரைசலும் போட்டு உரசி, பத்து நிமிடம் வைத்து அலசினால் குறையும். தோலை உரித்துவிட்டால் இன்னும் குறையும். அப்படியும் நின்றால், வறுவலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புளிக்குழம்பாக்கிவிடுவது நல்லது. வறுவலில் மண் வாடைக்கு ஒளிய இடமில்லை.

*மூக்கைக் குத்தும் காரமான நெடி.* சுறாவிலும் திருக்கையிலும் இது வந்தால், அவற்றின் சதையில் இயல்பாகவே உள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். இலேசாக இருந்தால் புளித்தண்ணீரில் அலசிப் பார்க்கலாம். பால்சுறாப் புட்டு பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்று தேடி வாங்குகிறோம். அதனாலேயே நெடி அடிக்கும் சுறாவைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக் கூடாது. மற்ற மீன்களில் அம்மோனியா நெடி வந்தால் அலசுவதற்கே அவசியமில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

*கண் குழிந்து வெளுத்திருக்கிறது, செவுள் பழுப்பாகிவிட்டது, விரலால் அழுத்திய குழி மேலெழவில்லை.* மீன் கெட்டுவிட்டது. இஞ்சி பூண்டு விழுதைக் கூட்டியோ இரட்டிப்பாக வறுத்தோ இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். குறிப்பாக அயிலை, மத்தி, சூரை ஆகிய மீன்கள் குளிரில் வைக்கப்படாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. அது கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அழிவதில்லை, உறையவைத்தாலும் போவதில்லை. மீன் வாங்கிய பையை வண்டியில் மாட்டிக்கொண்டு மற்றக் கடைகளுக்கும் போய் வருவதால் நேரும் கேடு இது. சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம் என்பதே வெளியில் வைக்கக்கூடிய எல்லை. நம் ஊரில் பெரும்பாலான மாதங்களுக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறையில் இருப்பதால், அந்த நாட்களில் சந்தைக்கு வரும் பெரிய மீன்களில் வெளி மாநிலத்திலிருந்து பனிக்கட்டியில் வந்தவை மிகும். பனிக்கட்டியில் வந்தது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன மூன்று அடையாளங்களையும் வழக்கத்தைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். நாட்டுப் படகில் வரும் சிறு மீன்களுக்கு அந்தப் பருவத்தில் மாறுவது இன்னும் எளிய தீர்வு.

மீன் விறைப்பாக இருந்தும் மீன் வாடையே இல்லை, மருந்து நெடி அடிக்கிறது என்றால், மீன் கெடாமலிருக்கச் சிலர் முறைகேடாகச் சேர்க்கும் ஃபார்மலின் என்ற ரசாயனம் பற்றிய சந்தேகம் எழும். ஈ மொய்க்கிறதா இல்லையா என்பதை வைத்து அதை முடிவு கட்ட இயலாது. ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் கண்டறியும் சோதனைத் தாள்களைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அது கைவசம் இல்லாதவர்கள் மீனைச் சமைக்காமல் எடுத்து வைத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வீட்டுச் சோதனை இதற்கு மேல் உதவாது.

குழம்பு நீர்த்துவிட்டது

மீன் இன்னும் போடவில்லையென்றால் கொதிக்கவிட்டால் போதும். மீன் விழுந்துவிட்டதென்றால், துண்டுகளை அகன்ற கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்து, குழம்பைத் தனியே சுண்டவிட்டு, பிறகு துண்டுகளை மறுபடி இறக்கி ஒரு கொதியில் அணைக்க வேண்டும். நேரமில்லாதவர்கள் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலை நாலைந்து சின்ன வெங்காயத்தோடு நைசாக அரைத்து ஊற்றலாம். சோள மாவு கரைத்து ஊற்றும் பழக்கம் மீன் குழம்புக்குப் பொருந்துவதில்லை, ஆறியதும் கூழாகிவிடும்.

குழம்பு புளிக்கிறது, உப்புக் கரிக்கிறது, கசக்கிறது

புளிப்பு மிகுந்தால் தேங்காய் விழுதோ தேங்காய்ப் பாலோ சேர்க்கலாம். சுண்டைக்காய் அளவு வெல்லமும் கைகொடுக்கும். ஆனால் இதைத் தீர்மானிப்பதற்கு முன் குழம்பு போதிய அளவு கொதித்ததா என்று பாருங்கள். கொதிக்காத புளியின் பச்சைப் புளிப்பைப் பலர் அளவு மிகுந்த புளிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள்.

உப்பு மிகுவதற்கு வழக்கமான காரணம், மீனில் தடவிய உப்பைக் கணக்கில் சேர்க்காததுதான். மீன் போடுவதற்கு முன் குழம்பில் உப்பு ஒரு மாற்று குறைவாக இருக்க வேண்டும். கரித்துவிட்ட குழம்பில் உருளைக்கிழங்கு போடுவது பரவலான வைத்தியம். கிழங்கு உப்பை மட்டும் தனியே உறிஞ்சிக்கொள்வதில்லை. உப்புக் குழம்பைத்தான் சிறிது உறிஞ்சுகிறது, மிச்சம் அப்படியேதான் கரிக்கும். உப்பில்லாத புளிக்கரைசலும் தேங்காய் விழுதும் சேர்த்து அளவைக் கூட்டுவதே பலன் தரும்.

கசப்புக்கு ஒரு கிளை பிரிக்க வேண்டும். குழம்பைத் தனியாகவும் மீன் சதையைத் தனியாகவும் நாக்கில் வைத்துப் பாருங்கள். குழம்பு முழுவதும் ஒரே சீராகக் கசந்தால் தாளிப்பில் வெந்தயம் கருகியிருக்கும், அல்லது சுடும் எண்ணெயில் மிளகாய்த்தூள் தீய்ந்திருக்கும். கருகல் கசப்பை எதைப் போட்டும் மறைக்க முடியாது. மீன் போடுவதற்கு முன்பே தெரிந்தால் தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே சிக்கனம். ஒரே ஒரு துண்டு மட்டும், அதுவும் வயிற்றுப் பக்கத் துண்டு, கடுமையாகக் கசந்தால் சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்திருக்கிறது. அந்தத் துண்டை எடுத்து எறிந்துவிட வேண்டும். சமைப்பதற்கு முன்பே பச்சை நிறக் கறை தெரிந்தால் அந்த இடத்துச் சதையை வெட்டி நீக்கி, உப்புப் போட்டு அலசினால் போதும். கெண்டை, ரோகு போன்ற மீன்களின் பித்தப்பையை மருந்தென்று விழுங்குவோர் உண்டு. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கடுமையாகப் பாதிக்கக்கூடிய பழக்கம் அது.

காய் சரியாக வரவில்லை

வெண்டைக்காய் வழவழத்தால், கழுவித் துடைத்து ஈரம் காய்ந்த பிறகு நறுக்கினீர்களா, மூடி போடாமல் வதக்கினீர்களா, உப்பைக் கடைசியில் போட்டீர்களா என்று இந்த வரிசையில் பாருங்கள். வதங்கும்போதே வழவழப்பு தெரிந்தால் ஒரு தேக்கரண்டி புளித்தண்ணீரோ தயிரோ விட்டு வதக்கினால் அடங்கும்.

கோஸ், பீன்ஸ், சுரைக்காய் பொரியல் நீர் விட்டுக் கூட்டாகிவிட்டதென்றால் வாணலி சிறியது அல்லது உப்பு முன்கூட்டியே விழுந்தது. மூடியைத் திறந்து தீயைக் கூட்டி இரண்டு நிமிடம் கிளறி, தேங்காய்த் துருவலை அணைத்த பின் சேர்க்க வேண்டும். சில துண்டு வெந்து சில துண்டு வேகாமல் இருந்தால் குற்றம் அரிவாள்மணையில், அடுப்பில் அல்ல. கீரை நிறம் மங்கினால் மூடாமல் வேகவைத்து, வெந்ததும் இறக்க வேண்டும்.

மீன் வறுத்த எண்ணெயிலேயே வாழைக்காயையும் வறுத்தால் வாழைக்காயில் மீன் வாடை வரும். சிலர் அதற்காகவே அப்படிச் செய்வார்கள். சைவம் சாப்பிடுபவர் பந்தியில் இருந்தால் காயை முதலில் வறுத்து எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் நன்றாக வந்தது, ஆனால் ஒன்று ஆறிப்போனது, ஒன்று இன்னும் அடுப்பில் இருக்கிறது

வரிசை மாறியிருக்கிறது. புளியை ஊறவைத்துவிட்டு மீனுக்கு மசாலா தடவ வேண்டும். அது ஊறும் நேரத்தில் சோறும் குழம்பும் முடிந்துவிடும். குழம்பு இறக்கிய பின் அரை மணி நேரம் நின்றால் மீனில் உப்பும் புளியும் சார்ந்து ருசி கூடும் என்பதால், அது முன்கூட்டியே முடிவதில் நட்டமில்லை. அடுத்தது பொரியல். வறுவல் எப்போதும் கடைசி. இலை போட்ட பிறகு கல்லில் போட்டாலும் தவறில்லை.

எவ்வளவு கவனித்தும் ஒரு பக்கம் கருகுகிறது, சட்டியில் கரி பிடிக்கிறது

சமையலைவிட்டு அடுப்பைப் பாருங்கள். சுடர் நீலமாக, வட்டம் முழுவதும் ஒரே உயரத்தில் எரிய வேண்டும். மஞ்சளாகவோ அரைவட்டமாகவோ எரிந்தால், அடுப்பு ஆறிய பின் பர்னர் மூடியைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, துளைகளை மெல்லிய ஊசியால் குத்தி, முழுவதும் காயவைத்து மாட்ட வேண்டும். கொதித்து வழிந்த குழம்புதான் பெரும்பாலும் இங்கே அடைத்துக்கொண்டிருக்கும். சிலிண்டர் தீரும் தறுவாயிலும் சுடர் மஞ்சளாகக்கூடும்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஜெட்டையும் காற்று வரும் வழியையும் நீங்களே கழற்ற வேண்டாம். அடுப்பு பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். வால்வு இறுகியிருந்தாலும், ரப்பர் டியூபில் வெடிப்பு தெரிந்தாலும் அப்படியே. டியூபை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். எரிவாயு நெடி வந்தால் அறிகுறி பார்க்கும் வேலையே இல்லை. ரெகுலேட்டரை மூடி, மின்விசைகளில் கை வைக்காமல், சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து, எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும்.

தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது

முதலில் நன்றாக இருமச் சொல்லுங்கள். சிறிது நீர் குடித்துப் பார்க்கலாம். சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்வது வீட்டுக்கு வீடு உள்ள வைத்தியம். மெல்லிய முள் அதில் போய்விடுவதும் உண்டு. கனமான முள்ளை அது இன்னும் ஆழமாகக் குத்திவிடுவதும் உண்டு என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வாயைத் திறந்து விளக்கொளியில் பார்த்து, முள் கண்ணுக்குத் தெரிந்து, இடுக்கிக்கு எட்டினால் எடுக்கலாம். தெரியாத முள்ளை விரலால் துழாவ வேண்டாம்.

சில மணி நேரம் கழித்தும் விழுங்கும்போது ஒரே இடத்தில் குத்தினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, இரத்தம் வருகிறது, மூச்சு விடச் சிரமம், நெஞ்சில் வலி என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வஞ்சிரம், கொடுவா போன்ற நடுமுள் மட்டும் பெரிதாக உள்ள மீன்களை வாங்கிவிட்டால் இந்தத் தலைப்புக்கே பெரும்பாலும் வேலை இராது.

சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரிக்கிறது

சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, படபடப்பு, வாயைச் சுற்றி எரிச்சல் வந்தால், முன்னே சொன்ன ஹிஸ்டமின் காரணமாக இருக்கலாம். மீன் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் முதலாவதும், ஒருவருக்கு மட்டும் வந்தால் இரண்டாவதும் அதிகம் சந்தேகிக்கத் தக்கவை. ஆனால் அதை வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இரைத்தால், தலைசுற்றி விழுந்தால் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவற்றுக்கும் அன்றிரவே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. போகும்போது என்ன மீன், எப்போது வாங்கியது, சமைப்பதற்கு முன் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது, யார் யார் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் குழம்பை உடனே கொட்டிவிடாமல், வேறு யாரும் தொடாதபடி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள். தேவைப்பட்டால் அதைச் சோதனைக்குக் கேட்பார்கள்.